வார்னிஷ் அடிக்காத நிலா

ஜூன் 4

அப்பா,

நான்தான். உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். பிரிக்காமல் மேசைமேல் போட்டுவிட்டு அரை நாள் அதைச் சுற்றி வந்திருப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

போனில் பேச முடியாது. போனை டாக்டர் வாங்கி வைத்துக்கொண்டார். போன மாதம் நாம் பேசிய அன்று என் ரத்த அழுத்தம் ஏறிய ஏற்றத்தைப் பார்த்துவிட்டு, "யாரும்மா அந்தப் பக்கம் பேசினது?" என்றார். "எங்கப்பா" என்றேன். "அப்ப போன் வேண்டாம். ஏதாவது சொல்லணும்னா எழுதிப் போடு. எழுத்துல யாரும் கத்த முடியாது" என்றார். பாவம், உங்களை அவருக்குத் தெரியாது.

மருத்துவமனையில்தான் இருக்கிறேன். ஏழாம் மாதம். பிறக்கும்வரை எழுந்து நடக்கக் கூடாதாம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தபடியே எழுதுவதால் வரிகள் இப்படிச் சரிகின்றன. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் தும்மினால்கூட எழுந்து நின்றுவிடுகிறாள்.

உங்களிடம் ஒரு வேலை கேட்கத்தான் இந்தக் கடிதம். போன தடவை தவறிப்போன குழந்தை இருந்ததற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஸ்கேன் படத்தைக்கூட யாரோ நல்ல மனதோடு எடுத்து ஒளித்துவிட்டார்கள். அதனால் இந்தத் தடவை பிறப்பதற்கு முன்னாலேயே ஆல்பம் செய்யத் தொடங்கிவிட்டேன். படம் ஒட்டி, பக்கத்தில் எழுதி, மூலைகளில் அலங்காரம் வைத்து, முழுதாக. என்ன ஆனாலும் ஆல்பம் இருக்கும்.

அலங்காரத்துக்குச் சிப்போர்டு வாங்கினேன். கனத்த சாம்பல் அட்டையில் வெட்டிய வடிவங்கள்: நிலா, பறவை, வீடு, இலைகள், குட்டி நட்சத்திரங்கள். அவற்றின்மேல் ஆல்கஹால் இங்க் சொட்டினால் நிறங்கள் தாமாகப் பரவி ஒன்றுக்குள் ஒன்று வழியும். பாட்டிலைத் திறந்தேன், வார்டு சிஸ்டர் வந்துவிட்டார். "இதைத் திறந்தா வார்டே மயங்கிடும். பக்கத்துல ஆக்ஸிஜன் வேற இருக்கு. வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்றார். எந்த வீட்டுக்கு என்று அவர் சொல்லவில்லை. நான் உங்கள் விலாசத்தை எழுதிவிட்டேன். பார்சல் பின்னால் வருகிறது.

செய்து அனுப்புங்கள். என் சின்ன வயசுப் படம் ஒன்றும் வேண்டும். நிறம் காய்ந்த பிறகு வார்னிஷ் தெளிக்க மறக்க வேண்டாம் என்று மாமா சொல்லச் சொன்னார். மாமா என்றால் என் மாமனார். இந்த வரியோடு கடிதத்தை மடித்துவிடாதீர்கள்.

உங்கள் சில்லு


ஜூன் 9

மகளுக்கு,

பார்சல் வந்தது. குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்திருக்கிறேன். அங்கே வைத்தால்தான் பார்க்காமல் இருக்க முடியும் என்று நினைத்தேன். தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் பார்க்கிறேன்.

உன் மாமனார் எனக்கு வார்னிஷ் பற்றிச் சொல்லி அனுப்புகிறார். நல்லது. வேதியியல் துறையில் எனக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, என் குறிப்புகளை வாங்கிப் பாடம் நடத்தி, என் வீட்டில் சாப்பிட்டு, துறைத் தலைவர் நாற்காலி காலியானபோது ஒரு வார்த்தை சொல்லாமல் விண்ணப்பம் போட்டு அதில் ஏறி உட்கார்ந்தவர் அவர். பிறகு நீ போய் அந்த வீட்டு மருமகளானாய். கல்யாணத்தன்று எல்லோர் முன்னாலும் என் தோளில் கைபோட்டு, "இனிமே நாம மறுபடியும் ஒரே டிபார்ட்மென்ட்" என்றார். மண்டபமே சிரித்தது. உன் அம்மாவும் சிரித்தாள். அதை நான் இன்னும் மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை.

உன் அம்மா பெட்டியைத் தூக்கியபோது, "நீங்களும் வாங்களேன்" என்றாள். "அந்த ஆள் வந்து போற இடத்துக்கு நான் வரல" என்றேன். "அப்ப இருங்க" என்றாள். இருக்கிறேன். நானே சமைத்து, நானே குறை சொல்லி, நானே சாப்பிடுகிறேன்.

வேறு வேலை இல்லாததால் ஒரே ஒரு இலையை எடுத்து ஒரு சொட்டுப் பச்சை விட்டுப் பார்த்தேன். அட்டை அதைக் குடித்துவிட்டது. பரவவும் இல்லை, வழியவும் இல்லை. ஈரச் சுவரில் பாசி படிந்த மாதிரி ஒரு கறை. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

ரத்த அழுத்தம் எவ்வளவு என்று நீ எழுதவில்லை. எழுது.

அப்பா


ஜூன் 13

அப்பா,

ஒரு இலையாவது எடுத்தீர்களே, அது போதும்.

வெறும் அட்டை குடிக்கத்தான் செய்யும். பார்சலில் வெள்ளை அக்ரிலிக் டப்பா இருக்குமே, அதை முதலில் பூச வேண்டும். இரண்டு பக்கமும், ஓரமும். நன்றாகக் காய்ந்தபின் சொட்டுங்கள். பரப்புவதற்கு உறிஞ்சுகுழாயால் ஊதுங்கள். நிறம் சேராத வெறும் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டால் நிறம் விலகி வளையம் திறக்கும். உங்களுக்கு இது பிடிக்கும் அப்பா. நீங்கள் பையன்களுக்குச் சோதனை செய்து காட்டும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறேன்.

ரத்த அழுத்தத்தை எழுத மாட்டேன். எழுதினால் புத்தகங்களை இறக்கி வைத்துக்கொண்டு எனக்கு என்னவெல்லாம் வரலாம் என்று வரிசையாகக் கண்டுபிடிப்பீர்கள்.

இன்றைக்குக் காலையில் குழந்தை அசையவில்லை. வழக்கமாக நான் கண் விழித்ததும் ஒரு உதை விழும். இன்று இல்லை. சிஸ்டர் குளிர்ந்த தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்தேன். இல்லை. இனிப்பாக ஏதோ கொடுத்தார்கள். இல்லை. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, திரைச்சீலையைச் சரிசெய்வதுபோல் நின்றுகொண்டாள். திரைச்சீலை நேராகத்தான் இருந்தது. பெல்ட் கட்டி, மெஷினை வைத்து, அந்தக் குதிரை ஓட்டம் போன்ற சத்தம் கேட்கும்வரை நான் மூச்சே விடவில்லை என்று நினைக்கிறேன். "தூங்கிட்டிருந்திருக்கு, அவ்வளவுதான்" என்றார்கள். அம்மா திரும்பி, "உங்கப்பா மாதிரி" என்றாள்.

அந்த நேரத்தில் கையில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் தேவலை என்று இருந்தது. நிலாவை முதலில் செய்யுங்கள். என் உள்ளங்கை அளவுதான் இருக்கும்.

வார்னிஷ், அப்பா. மாமாவை மறந்துவிடுங்கள், வார்னிஷை மறக்காதீர்கள்.

சில்லு


ஜூன் 18

சில்லுவுக்கு,

எல்லாம் செய்தாகிவிட்டது. இத்துடன் வருகிறது. அந்தப் பாசி இலையும் உள்ளே இருக்கிறது, பக்கத்தில் வைத்துப் பார்.

வெள்ளை பூசியபின் அட்டையே வேறாகிவிட்டது. நிலாவில் நீலம் சொட்டினேன். முதலில் ஒரு துளியாக நின்றது. குழாயால் ஊதியதும் ஓடியது. ஓரத்துக்குப் போய்த் தயங்கி, கருத்து, ஒரு கோடாகக் காய்ந்தது. மேலே ஆல்கஹால் ஒரு சொட்டு. நடுவில் வெளிச்சமாக ஒரு வட்டம் திறந்தது. அதற்குள் இன்னொன்று. செல் பிரிவதைப் பாடப்புத்தகத்தில் வரைந்திருப்பார்களே, அப்படி. பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு உன் நினைவு வந்து பார்க்க முடியவில்லை.

வீடு முழுக்க ஒரே வாசனை. ஜன்னல்களைத் திறந்து வைத்தேன். மேல் வீட்டுக்காரம்மா படியிறங்கும்போது நின்று மூக்கை உறிஞ்சினார். "வீட்டுல அவங்க இல்லையா சார்?" என்றார். "இல்லை" என்றேன். "ம்... அதான்" என்று இறங்கிப் போய்விட்டார். இவ்வளவு வருஷம் ஒரு சொட்டு தொடாமல் காப்பாற்றிய பேர் உன் ஆல்பத்தால் போனது. இப்போது எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தால் இரக்கமாகச் சிரிக்கிறார்.

உன் படம் ஒன்றும் வைத்திருக்கிறேன். ஆய்வகத்தில் என் மேசைமேல் உட்கார்ந்திருப்பாய். அன்று என் குடுவையை உடைத்துவிட்டு, ஒரு துண்டைக் கையில் எடுத்து, "சில்லு" என்று எனக்கே சொல்லிக்கொடுத்தாய். படத்தை எடுத்தது உன் மாமனார். வேறு நல்ல படம் இல்லை, என்ன செய்வது.

வார்னிஷ் தெளிக்கவில்லை. மறந்துவிடவில்லை, வேண்டாம் என்றே விட்டேன். நிறம் அட்டையோடு நன்றாகப் பிடித்துக் காய்ந்திருக்கிறது, துணியால் துடைத்தும் பார்த்தேன், வரவில்லை. மேலே பளபளப்பு ஏற்றினால் பொம்மைக்கடைச் சரக்குபோல் ஆகிவிடும். கரைப்பான், நிறமி, பூச்சு இவற்றைப் பற்றி அந்த ஆள் எனக்குச் சொல்லித் தர வேண்டிய நிலைமை இன்னும் வரவில்லை. இதை அவரிடம் அப்படியே படித்துக் காட்டலாம்.

இன்று அசைந்ததா?

அப்பா


ஜூன் 22

அப்பா,

அசைந்தது. பார்சலைப் பிரிக்கும்போதே அசைந்தது.

எப்படிச் செய்தீர்கள்! பறவையின் சிறகில் அந்த மஞ்சள் போய்ப் பச்சையாக மாறும் இடத்தை சிஸ்டர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். "உங்கப்பா ஆர்ட்டிஸ்டா?" என்று கேட்டார்கள். அம்மா முந்திக்கொண்டு, "இல்லம்மா, கோவக்காரர்" என்றாள். ஆனால் உங்கள் பாசி இலையை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் பார்க்கவில்லை என்று நினைக்கிறாள்.

வார்னிஷ் விஷயத்தை மாமாவிடம் படித்துக் காட்டினேன். "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். அவன்தான் டிபார்ட்மென்ட்லயே மூளை" என்றார். கிண்டலா, நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

மற்றவற்றைப் பக்கங்களில் ஒட்டிவிட்டேன். நிலாவை மட்டும் ஒட்டவில்லை. கையிலேயே வைத்திருக்கிறேன். நேற்றிலிருந்து கால் வீக்கம் கூடியிருக்கிறது. கண்ணுக்கு முன்னால் சில சமயம் மின்னுகிறது. டாக்டர் வரும்போதும் போகும்போதும் அழுத்தம் குறித்த தாளையே பார்க்கிறார். ஆட்கள் வருவதும் அளப்பதும் அதிகமாகிவிட்டது. யார் வந்தாலும் கட்டிலில் தொங்கும் சானிடைசரைத் தங்கள் கையிலும் தெளித்து, என் கையிலும் ஒரு அழுத்து அழுத்திவிட்டுத்தான் தொடுகிறார்கள். நாள் முழுக்க என் கை ஈரமாகவே இருக்கிறது. அதே ஈரக்கையால் உங்கள் நிலாவைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

பயமாக இருக்கிறது அப்பா. அம்மாவிடம் சொல்லவில்லை. உங்களிடம் எழுதுகிறேன்.

சில்லு


ஜூன் 24

சில்லு,

உடனே அந்த நிலாவைக் கீழே வை. கையைக் கழுவு. முகத்தைத் தொடாதே, வாயைத் தொடாதே. எந்த அட்டையையும் தொடாதே.

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. கட்டிலில் தொங்குகிறது என்றாயே, அது ஆல்கஹால். நான் நிறத்தைக் கரைக்க ஊற்றினேனே, அதே சரக்குதான். உன் ஈரக்கையில் அந்த நீலம் முழுதும் கரைந்து இறங்கும். துணியால் துடைத்துப் பார்த்தேன் என்று பெருமையாக எழுதினேன். உலர்ந்த துணியால் துடைத்தேன். முதல் வருஷத்துப் பையன் இப்படி எழுதியிருந்தால் விடைத்தாளை முகத்தில் வீசியிருப்பேன்.

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். "நோயாளிக்குக் கால் குடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு சார்" என்றாள் அந்தப் பெண். "நான் அவங்க அப்பா" என்றேன். "அப்பாவுக்குக் கண்டிப்பா கூடாதுன்னு தனியா எழுதியிருக்கு சார்" என்று வைத்துவிட்டாள். உன் அம்மாவின் போன் அணைந்து கிடக்கிறது. உன் கணவனின் எண்ணை நான் எப்போதோ அழித்துவிட்டேன். எனக்கு மனப்பாடமாக இருக்கும் எண் ஒன்றே ஒன்றுதான். பழைய நாளில் தினமும் சுழற்றிய எண். அதை அந்த ஆள் மாற்றவில்லை.

"யாரு?" என்றான்.

"நான்தான்."

"சொல்லுய்யா" என்றான்.

"வார்னிஷ் அடிக்கல."

"என்னது?"

"அவகிட்ட இருக்கிற அட்டைல வார்னிஷ் அடிக்கல. அவ கையில எந்நேரமும் சானிடைசர் ஈரம்."

"யோவ், நீ கெமிஸ்ட்ரி வாத்தியார்யா!"

"தெரியும். இப்ப நின்னு பேசப் போறியா, ஓடப் போறியா?"

செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. போனைக்கூட வைக்காமல் போயிருக்கிறான். காலி வீட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

இதை அவசரக் கூரியரில் அனுப்புகிறேன். உன்னிடம் சேர்வதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். தெரிந்தும் எழுதுகிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அப்பா


ஜூன் 25

அப்பா,

உங்கள் கூரியர் இன்று வந்தது. இதையும் கூரியரில்தான் போடச் சொல்கிறேன். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். அம்மா சொன்னால் நீங்கள் அங்கேயே விழுந்துவிடுவீர்கள்.

நேற்று மதியம் நிலாவைப் பிடித்தபடி தூங்கிவிட்டேன். கை கன்னத்துக்கடியில் இருந்திருக்கிறது. புதிதாக வந்த சிஸ்டர் அழுத்தம் பார்க்க வந்து போர்வையை விலக்கியிருக்கிறார். விரல் நுனியெல்லாம் நீலம். உதடும் நீலம். "ஐயோ, பேஷன்ட் நீலம் பாரிச்சிட்டாங்க!" என்று அவர் கத்திய கத்தலில்தான் நான் கண் விழித்தேன். அதற்குள் முகத்தில் மாஸ்க். கட்டிலைத் தாழ்த்துகிறார்கள், ஊசி போடக் கையை இழுக்கிறார்கள், யாரோ ஓடுகிறார்கள். "எனக்கு ஒண்ணுமில்ல" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து சொல்கிறேன், யாருக்கும் கேட்கவில்லை. அம்மா சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். என்னைவிட அவள்தான் செத்துப்போனவள் மாதிரி இருந்தாள். குழந்தைக்கு என்னவோ ஆகிவிட்டது, எனக்குச் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். மறுபடியும் அதேதான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் மாமா வந்தார். தடுத்த செக்யூரிட்டியைத் தள்ளிவிட்டு, இரண்டு காலில் இரண்டு வேறு செருப்போடு. "சாயம்! அது சாயம்! அவங்கப்பன் வார்னிஷ் அடிக்கல!" என்று வார்டு வாசலிலிருந்தே கத்தினார். பெரிய டாக்டர் என் விரலைப் பஞ்சால் துடைத்துப் பார்த்தார். பஞ்சு நீலமானது. அந்தப் பஞ்சையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அழுத்தத்தைப் பார்த்தார்கள். சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

ஏறியது இறங்கவில்லை அப்பா. மருந்து கொடுத்தும் இறங்கவில்லை. இனிமேல் காத்திருக்க முடியாதாம். 27ஆம் தேதி காலையில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்கப் போகிறார்கள். ரொம்பச் சின்னதாக இருக்கும், கண்ணாடிப் பெட்டியில் வைப்போம், பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். அந்தப் "பார்க்கலாம்" எனக்குப் பிடிக்கவில்லை. சாயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கண் மின்னத் தொடங்கியபோதே முடிவு செய்துவிட்டோம் என்று டாக்டர் சொன்னார். நான் நம்புகிறேன். நீங்களும் நம்புங்கள். என்னால் ராத்திரியெல்லாம் உங்களைப் பற்றியும் சேர்த்துக் கவலைப்பட முடியாது.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். எத்தனை தடவை வார்னிஷ் என்று எழுதினேன்? மாமா பேர் அதில் ஒட்டியிருந்ததால்தானே கேட்கவில்லை? போன தடவையும் மாமா இங்கே இருக்கிறார் என்றுதானே வரவில்லை?

இந்தத் தடவை வாங்க. வந்து சண்டை போடுவதானாலும் பரவாயில்லை, வாங்க.

சில்லு


ஜூன் 27, மருத்துவமனை

சில்லு,

நீ உள்ளே இருக்கிறாய். நான் வெளியே, நடைபாதை பெஞ்சில். பேனா மட்டும் என்னுடையது, தாளை உன் மாமனார் கொடுத்தார். எழுதும்போது கத்த வராது என்று உன் டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன்.

முதல் பஸ்ஸிலேயே வந்தேன். அப்படியும் உன்னைக் கொண்டுபோன பிறகுதான் வந்து சேர்ந்தேன். உன் அம்மா என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். தலையாட்டிவிட்டு மறுபடி கதவைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

வார்டு வாசலில் என் கையிலும் சானிடைசரைத் தெளித்தார்கள். ஈரம் காய்வதற்குள் உன் அம்மா, "இந்தாங்க, உங்க நிலா. அவ குடுக்கச் சொன்னா" என்று என் கையில் வைத்தாள். நானும் வாங்கிவிட்டேன். ஆமாம், மறுபடியும்தான். நடுவில் நான் திறந்துவிட்ட வட்டங்கள் இல்லை. அங்கே உன் விரல்கள் பதிந்திருந்தன, ரேகைகூடத் தெரிந்தது. இப்போது அதன்மேல் என்னுடையவையும்.

வீட்டுக்குப் போனதும் வெள்ளையடித்துப் புதிதாகச் செய்துவிடுகிறேன் என்றேன். உன் அம்மா, "அதைத் தொட்டீங்கன்னா பாருங்க" என்றாள். உன் மாமனார் எழுந்து, "வாய்யா" என்றான். பையில் வார்னிஷ் டப்பா வைத்திருந்தான். கார் நிறுத்தும் இடத்துக்குப் போய், ஒரு செய்தித்தாளை விரித்து நிலாவை வைத்தோம். கிட்ட பிடித்தால் நிறம் ஓடும் என்றான். ஒரு முழம் தள்ளிப் பிடி என்றேன். காற்றடிக்கிறது, அவ்வளவு தள்ளினால் உன் சட்டைக்குத்தான் வார்னிஷ் என்றான். அங்கேயும் சண்டை. ஒரு டிரைவர் வண்டியிலிருந்து இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார். கடைசியில் அவன் டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, காற்று வரும் பக்கம் போய் நின்றுகொண்டான். நான் தெளித்தேன். உன் விரல்கள் அப்படியே இருக்கின்றன.

அந்த நாற்காலி விஷயத்தை நான் மன்னிக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

கதவு திறக்கிறது. யாருக்கோ.

இல்லை. நமக்குத்தான்.

பெண். கத்தினாள், சில்லு. மெல்லிய குரல்தான், ஆனால் கதவு மூடுவதற்குள் எனக்குக் கேட்டது. நீ நன்றாக இருக்கிறாய், தையல் போடுகிறார்கள் என்றார்கள். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து எங்களைக் கடந்து கொண்டுபோனார்கள். நான் துணியையும் குழாயையும்தான் பார்த்தேன். மூச்சு விடக் கொஞ்சம் சிரமப்படுகிறாளாம். இன்று கடக்கட்டும் என்றார்கள். உன் அம்மா என் முழங்கையைப் பிடித்தவள் இன்னும் விடவில்லை. அந்தக் கையாலேயே எழுதுவதால் வரிகள் உன்னுடையவைபோல் சரிகின்றன.

குழந்தையின் அப்பாக்காரன் உள்ளே இருக்கிறான். தாத்தாக்களில் ஒருவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வரலாம் என்று சிஸ்டர் வந்து கூப்பிட்டார். நான்தான் எழுந்தேன். அவர் என் கையைப் பார்த்தார். "என்ன சார் இது, விரலெல்லாம் நீலமா? இதோட உள்ள விட முடியாது. நல்லா தேய்ச்சுக் கழுவிட்டு வாங்க." அப்புறம் பக்கத்தில் பார்த்தார். "நீங்க வாங்க சார், உங்க கை சுத்தமா இருக்கு."

மறுபடியும் அவன்தான் முதலில் போனான்.

ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வெகுநேரம் நின்றான். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவனாகவே சொன்னான்: "மூக்கு அப்படியே உன்னோடதுய்யா. பாவம் புள்ள." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "விரலை ஆட்டுறா. நல்லா ஆட்டுறா. போய்ப் பாரு" என்றான்.

குழாயடியில் நின்று தேய்த்துக்கொண்டிருக்கிறேன். சோப்பில் போகவில்லை, சானிடைசரில் பாதி போயிற்று. நகக்கண்ணில் மட்டும் இன்னும் இருக்கிறது. சிஸ்டர் இரண்டு தடவை வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். நடுநடுவே ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உனக்கு இதை எழுதுகிறேன்.

நீ கண் விழித்ததும் அவளிடம் சொல். தாத்தா வெளியேதான் இருக்கிறார், கை கழுவிக்கொண்டிருக்கிறார் என்று.

அப்பா